பின்பாதி வாங்கிய அடி

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவன் எவனோ, அவன் எங்கள் ஹேமர் ஷாப்பில் ஒரு ஷிப்ட்கூட நின்றிருக்க மாட்டான். நான் அங்கே கிரேன் ஓட்டினேன். கூரைக்குக் கீழே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கி இறக்குவது என் வேலை. அந்த உயரத்திலிருந்து மனிதர்களின் முகம் சரியாகத் தெரியாது. தொப்பி தெரியும், தோள் தெரியும், கை தெரியும். யார் யாரை அடிக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகவே தெரியும்.

நான் சொல்லப் போவது ஒரு பெண்ணைப் பற்றி. இன்று அவள் ஒரு கல்லூரியில், மாணவர்களை வேலைக்கு அனுப்பும் பிரிவைக் கவனித்துக்கொள்கிறாள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் மேனேஜருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே "முட்டு எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பாளாம். அவர் திருதிருவென்று விழித்தால் தன் வலது கையை மேசைமேல் எடுத்து வைப்பாளாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிச்சமிருக்கிற கை அது. அதற்கப்புறம் காபி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை, முட்டைத் தேடி ஓடுகிறார்கள்.

எங்கள் ஷாப்பில் அவளுக்குப் பெயர் பின்பாதி. அந்தப் பெயர் வந்த கதை இது. அவள் படித்த கல்லூரியில் பாதி வருஷம் வகுப்பு, பாதி வருஷம் சம்பளத்தோடு வேலை. ஆனால் பாதி வருஷத்துக்கு ஆள், மீதி வருஷத்துக்கு ஆள் இல்லை என்றால் எந்த முதலாளி ஒத்துக்கொள்வான்? அதனால் கல்லூரிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வேலைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் பட்டறையில் இருக்கும்போது மற்றவர் வகுப்பில் இருப்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஒரே லாக்கர், ஒரே சாவி, ஒரே நம்பர் போட்ட கோட்டு. எங்கள் ஆட்களுக்குக் கிண்டலுக்குச் சொல்லவா வேண்டும்? முதலில் வந்த பையனுக்கு முன்பாதி என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்தவள் பின்பாதி ஆனாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது, வேலையை ஒப்படைக்கும் அந்த மாற்று நாளில் மட்டும்தான்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. கல்லூரி போட்ட ஒப்பந்தம் ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. கடைசியில் "இந்த இடத்தில் வேலை திருப்தியாக நடந்தது" என்று போர்மேன் ஒரே ஒரு கையெழுத்துப் போடுவார். அது இருந்தால் இருவருக்கும் பட்டம். இல்லாவிட்டால் இருவருக்கும் பட்டை நாமம். ஒரு பாதி செய்த தப்புக்கு மறு பாதியும் மூழ்கும்.

பின்பாதியின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் இஸ்திரி போடுகிறவர். அப்பா கிடையாது. அம்மாவின் தம்பி, அதாவது இவளுடைய தாய்மாமன், குடித்துவிட்டு வந்து அக்காவை அடித்துக் காசு பிடுங்கிக்கொண்டு போவான். மாமன் என்றால் தோளில் தூக்குவான் என்பார்கள். இவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்குவான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒருநாள், அவன் அம்மாவின் கழுத்தைச் சுவரோடு அழுத்தியபோது, இவள் சூடான இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் புறங்கையில் வைத்து அழுத்தினாள். அவன் அலறினான். இவள் எடுக்கவில்லை. அம்மாதான் வந்து இழுத்தார். அதற்கப்புறம் அந்த மாமன் வாசல்படி மிதிக்கவில்லை. "என் பொண்ணுக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும்னு நினைச்சேன், அது கையிலேயே இருக்குதுப்பா," என்று அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார். பெருமையா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

முன்பாதி இதற்கு நேர் எதிர். எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிற ஜாதி. பாடத்தில் முதல். அவன் அப்பா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகெலும்பு போய்ப் படுக்கையில் கிடந்தார். வீட்டுக்கு அவன் சம்பளம்தான் அரிசி, அவன் பட்டம்தான் நாளைய அரிசி.

இவர்கள் இருவரும் கடைசி வருஷத்துக்கு வந்து மாட்டியது எங்கள் போர்மேனிடம். அவருக்கு வாயில் எப்போதும் ஒரே பழமொழிதான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." சொல்லிக்கொண்டே அடிப்பார். தோல் கையுறையால் முகத்தில் அடிப்பார், குறட்டின் பின்பக்கத்தால் முதுகில் அடிப்பார், பூட்ஸ் காலால் முட்டிக்குப் பின்னால் உதைப்பார். நிரந்தர ஆட்களைத் தொட்டால் சங்கம் கேட்கும். அதனால் மாணவர்களை அடிப்பார். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பேனா அவர் பாக்கெட்டில் இருந்ததே!

ஹேமர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரு இரும்புத் தலை, கீழே ஒரு அச்சு. நடுவில் பழுத்த இரும்பை வைத்து, தரையோரத்துப் பெடலை ஹேமர்காரர் மிதித்தால் தலை இறங்கி அடிக்கும். கட்டடமே குதிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் யாராவது கையை உள்ளே விட்டு, அச்சில் ஒட்டிய இரும்புச் செதிலைத் துடைத்து, எண்ணெய் பிரஷ் போட வேண்டும். இரண்டு பாதிகளுக்கும் அதுதான் வேலை. கையை உள்ளே விடும் முன் தலைக்கு அடியில் ஒரு தடித்த கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. முட்டு இருந்தால் பெடலை யார் மிதித்தாலும் தலை இறங்காது. முட்டு வைத்து எடுக்கும் நேரத்தில் இன்னும் ஒரு துண்டு அடித்துவிடலாம் என்பது போர்மேனின் கணக்கு.

முன்பாதி விதிப்படி முட்டு வைத்தான். போர்மேன் அதைக் காலால் தட்டிவிட்டார். அவன் குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தான். போர்மேன் உள்ளங்கையை விரித்து அவன் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். அவன் அச்சின்மேல் சாய்ந்து, முழங்கை பொசுங்கி, எழுந்து நின்றான். மூன்றாவது தடவை அவன் முட்டை எடுக்கவில்லை. நான் கூண்டிலிருந்து கத்தினேன். அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆத்திரத்தில் கிரேன் கொக்கியை மெதுவாக இறக்கி, போர்மேனின் தொப்பியைத் தட்டிவிட்டேன். தொப்பி உருண்டது. ஷாப்பே சிரித்தது. என்னை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. கொக்கியை இன்னும் ஒரு சாண் இறக்காமல் போனேனே என்றுதான் வருத்தம்.

அடுத்த மாற்று நாளில் வாசலுக்கு வெளியே டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பின்பாதி அவனுடைய இடது பக்கம் நின்று ஏதோ கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டாள். அவன் முழுக்கத் திரும்பி, "என்ன சொன்ன?" என்றான். அவள் கிளாசைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காது?"

"ஒண்ணுமில்ல. சளி."

"சளியா? யாரு சளி? போர்மேனா?"

அவன் தரையைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்று சொல்லியிருந்தார். அவள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. அவன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன். இது கடைசி அரை வருஷம். நீ இருந்து முடிச்சிட்டா கையெழுத்து வந்துரும். நீ அவரைத் தொட்டா நான் செத்தேன். எங்கப்பா செத்தாரு."

"அப்போ அவன் என்னை அடிச்சா?"

"உன்னை அடிக்க மாட்டாரு. பொண்ணாச்சே."

அவள் சிரித்தாள். "எங்க மாமனும் எங்கம்மாவைப் பொண்ணுன்னு பாத்துத்தான் அடிச்சான்." பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி நடந்தாள். கடைசியில் சொன்னாள். "சரி. உனக்காகப் பொறுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அங்க நடக்குறது எதுவும் உன் காதுக்கு வராது. அந்த நல்ல காதுக்கும்."

எங்கள் ஆட்கள் பந்தயம் கட்டினார்கள். ஒரு மாதம் தாங்குவாள் என்றவனே அதிகம் சொன்னவன். எல்லாரும் தோற்றார்கள். முதல் நாளே அவள் முட்டு வைத்தாள். போர்மேன் தட்டிவிட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளுடைய கை மூடித் திறப்பதை நான் மேலேயிருந்து பார்த்தேன். "என்னடி முறைக்கிற, பாதி?" என்று கையுறையால் வாயில் அடித்தார். அவள் உதட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு, முட்டில்லாமல் கையை உள்ளே விட்டுப் பிரஷ் போட்டாள்.

அன்று முதல் கடைசிவரை அப்படித்தான். அவள் பொறுக்கப் பொறுக்க அவருக்கு ஆத்திரம் ஏறியது. அழுகிறவர்களை அடித்துப் பழகியவருக்கு அழாத ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழுத்த துண்டை அவள் பூட்ஸ் அருகே உருட்டிவிட்டார். குறட்டால் விலாவில் குத்தினார். ஒருநாள் முடியைப் பிடித்து உலை வாய்க்கு அருகே தள்ளி, புருவத்தைப் பொசுக்கினார். ஹேமர்காரர் தடுக்கப் போய் அவரும் ஒரு உதை வாங்கினார். வீட்டில் அம்மா கேட்டால் உலையில் வேலை, அப்படித்தான் இருக்கும் என்றாளாம். இஸ்திரிப் பெட்டி எடுத்த பெண்ணா இது என்று எனக்கு நம்பவே முடியவில்லை. ஒருநாள் ஏணியடியில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்மா, சங்கத்துல சொல்லலாம்ல? நான் சாட்சி வரேன்."

"சொன்னா விசாரணை வரும் அண்ணே. விசாரணை வந்தா கையெழுத்து நிக்கும். அவன் வீட்டுல அடுப்பு எரியாது." ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பினாள். "என் அடி, என் கணக்கு. கையெழுத்து காயட்டும். அப்புறம் பாருங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். போர்மேனுக்காக ஒரு கணம் பரிதாபப்பட்டேன். கையெழுத்துக்கு மறுநாள் அந்த ஆள் என்ன ஆவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி நாள் வந்தது. "ரெண்டு பாதியையும் ஒட்டி நிறுத்துங்க, ஷிப்ட் முடிஞ்சதும் போட்டுத் தரேன்," என்று போர்மேன் சொல்லி அனுப்பியிருந்தார். மதியத்துக்கு மேல் முன்பாதி வந்தான். பேப்பர் அடங்கிய உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெரிய கதவருகே நின்றான். பின்பாதி அவனைப் பார்க்கவில்லை. அவள் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. ஹேமர்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவர் இடத்தில், பெடலை ஒட்டி, போர்மேன் நின்றார்.

அவள் குனிந்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு பிரஷ் போட எவ்வளவு நேரம்டி?" என்று போர்மேன் குறட்டின் காம்பால் அவள் முதுகில் இழுத்து ஒன்று வைத்தார். அவள் அசையவில்லை. இன்னொன்று வைத்தார். கோட்டு கிழிந்தது. கிழிந்த இடத்துக்குள் பழைய அடிகளின் தடம் தெரிந்தது. எனக்கு அத்தனை உயரத்திலிருந்தே தெரிந்தது என்றால் கதவருகே நின்றவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

உறை கீழே விழுந்தது. எறும்புக்கு மன்னிப்புக் கேட்கிறவன், உலையோரம் சாத்தியிருந்த நீளக் குறட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஓடினான். நான் கிரேனின் சங்கை அழுத்தினேன். எதற்கு அழுத்தினேன், யாரை எச்சரிக்க என்று எனக்கே தெரியாது. அவன் குறட்டைச் சுழற்றிப் போர்மேனின் தாடையில் அடித்தான். எலும்பு உடைந்திருக்கும். போர்மேன் அப்படியே முன்னால் சரிந்தார். அவருடைய முழு உடம்பும் பெடல்மேல் விழுந்தது.

அவளுடைய கை உள்ளே இருந்தது. முட்டு அங்கே இல்லை. அது போர்மேன் காலால் தட்டிவிட்ட இடத்திலேயே, சுவரோரம் கிடந்தது.

தலை ஒரே தடவை இறங்கி ஏறியது. அவள் கத்தவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தாள், பிறகு திரும்பி யார் அடித்தது என்று பார்த்தாள். குறட்டோடு நின்றவன் முன்பாதி என்று தெரிந்ததும்தான் கத்தினாள். வலிக்கான கத்தல் இல்லை அது.

"உன்னை எவன்டா கேட்டான்? என் அடிடா அது! உனக்காக வாங்குனதுடா!"

ஏணியில் நான் இறங்கவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றினேன். அவன் தரையில் உட்கார்ந்து, எண்ணெயும் செதிலும் கிடந்த இடத்தில், அவளுடைய விரல்களைத் தேடிக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். கூடையின்மேல் அந்தப் பேப்பர். போர்மேனுக்குப் பதிலாக அவரே கையெழுத்துப் போட்டு, இருவர் வேலையும் மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தார். முன்பாதிமேல் போலீஸ் கேஸ் வேண்டாம், பெண்ணும் முட்டு, கிட்டு என்று எங்கேயும் பேச வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றார். அம்மா எழுந்து பழக்கூடையை அவர் காலடியில் கவிழ்த்தார். பின்பாதி இடது கையை நீட்டிப் பேப்பரை மட்டும் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இது நாங்க பாத்த வேலைக்கு. புகார் என் கைக்கு. ரெண்டும் வேற வேற சார். கேஸ் போடறதுன்னா போடுங்க. முட்டு ஏன் அங்க இல்லன்னு கோர்ட்டு கேக்கும்."

கேஸ் போடவில்லை. அவள் புகார் கொடுத்தாள், நான் சாட்சி சொன்னேன், ஹேமர்காரரும் சொன்னார். போர்மேனை வெளியே அனுப்பினார்கள். தாடை கோணியதால் அவரால் அந்தப் பழமொழியை ஒழுங்காகச் சொல்லக்கூட முடியாது என்று ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு ஆறாதது வேறு. அவள் அவளாகவே இருந்திருந்தால், முதல் நாளே போர்மேன் முட்டைத் தட்டிவிட்டபோது அவர் மண்டையை உடைத்திருப்பாள். பட்டம் போயிருக்கும், விரல்கள் இருந்திருக்கும். அவன் அவனாகவே இருந்திருந்தால், கதவருகே நின்று அழுதிருப்பான். அப்போதும் விரல்கள் இருந்திருக்கும். இருவரும் அன்றைக்கென்று பார்த்து அடுத்தவர் குணத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

பட்டம் வாங்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கட்டோடு தனியாகப் போக வேண்டாம் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு இடத்துக்கு ஒரு வரி, அந்த வரியில் இருவரும் போட வேண்டும் என்றார் கிளார்க். முன்பாதி ஏற்கெனவே வந்து ஒரு ஓரமாக நின்றிருந்தான். அன்றைக்கு அப்புறம் அவள் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்கு அவன் தினமும் வந்தும் அவள் உள்ளே விடவில்லை.

அவன் போட்டுவிட்டுப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் எடுக்கவில்லை. இடது கையை ஓங்கினாள். கிளார்க் நாற்காலியோடு பின்னால் போனார். "வேண்டாம்மா," என்றார் அம்மா. அவன் நகரவில்லை. முகத்தைத் திருப்பி, நல்ல காது இருந்த பக்கத்தைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் அடி. அந்தப் பக்கம் அடிச்சா எனக்குக் கேக்காது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அத்தனை அடிக்கும் அழாதவள் அங்கே, அந்த ஃபேன் சத்தத்துக்குக் கீழே, விசும்பி அழுதாள். பிறகு மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவன் காட்டிய காதுக்கு அருகே குனிந்தாள்.

"பொறுத்துக்கிட்டேன்னு நினைக்காத. இனிமே எதையும் பொறுக்கறதா இல்ல. ஆனா எனக்கு மிச்சம் இருக்குறது இந்த ஒரு கைதான். இதை உன்மேல வீணாக்க மாட்டேன்."

பேனாவை இடது கையில் எடுத்தாள். பழக்கமில்லாத கை. முனை வைத்ததும் தாள் நழுவி ஓடியது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் நழுவியது. கட்டுப்போட்ட கையால் அழுத்தப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தாள். அம்மா முன்னால் வந்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அவனிடம். "தாளைப் பிடி."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.